வயல் சுருங்கியது, சந்தை விரிந்தது

பென்சில்வேனியா மாநிலத்தின் எஃப்ராட்டா ஊரை ஒட்டி, வெள்ளிக்கிழமை மட்டும் கூடும் சந்தை ஒன்று உண்டு. பெயர் கிரீன் டிராகன். 1932-ல் தொடங்கியது. அன்று காலை கார் நிறுத்த இடம் பிடிப்பதே பெரும்பாடு. ஒரு கொட்டகையில் கோழியும் முயலும் ஏலம் போகின்றன. திறந்தவெளியில் வைக்கோல் கட்டுகளுக்குத் தனி ஏலம். நீளமான கட்டடங்களுக்குள் நுழைந்தால் வெண்ணெயும் பட்டையும் கலந்த அடுப்பு வாசனை. பூவேலைப்பாடு ஏதுமில்லாத ஒற்றை நிறக் கவுனும், தலையில் மெல்லிய வெள்ளைத் துணித் தொப்பியும் அணிந்த பெண்கள் ரொட்டியையும் ஊறுகாய் ஜாடிகளையும் காகிதப் பைகளில் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை என்றால் மேன்ஹைம் அருகே ரூட்ஸ் சந்தை. அது 1925-லிருந்து நடக்கிறது. லங்காஸ்டர் நகரின் நடுவே 1889-ல் கட்டிய செங்கல் மண்டபத்தில் செவ்வாய், வெள்ளி, சனி மூன்று நாளும் மத்தியச் சந்தை. அந்த இடத்தில் சந்தை கூடும் வழக்கம் 1730-களிலிருந்தே இருக்கிறது. கிழமையைச் சொன்னாலே எந்த ஊர்ச் சந்தை என்று தெரிந்துவிடும் நம் வாரச்சந்தை வழக்கத்தில் பழகியவர்களுக்கு இந்த ஒழுங்கு உடனே பிடிபட்டுவிடும். ஒரே வேறுபாடு, ஞாயிறன்று எதுவும் கிடையாது. பண்ணை வீடுகளின் வாசல் பலகையில்கூட ‘ஞாயிறு விற்பனை இல்லை’ என்று எழுதியிருக்கும்.

இங்கே கடை போட்டிருப்பவர்களில் பலர் ஆமிஷ்கள், மென்னோனைட்டுகள். உலகத்தோடு ஒட்டாமல் வாழ்வதையே சமயக் கடமையாகக் கொண்டவர்கள். அவர்களில் கண்டிப்பான பிரிவினர் கார் வைத்துக்கொள்ள மாட்டார்கள், வீட்டுக்கு மின்கம்பி இழுக்க மாட்டார்கள், தொலைக்காட்சி பார்க்க மாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் கூட்டம் நெரியும் சந்தையில் நின்று, ஊர் பேர் தெரியாதவர்களுக்குப் பலகாரம் விற்கும் நிலை எப்படி வந்தது? இந்தச் சந்தைகளைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயமே அதுதான் என்று நினைக்கிறேன்.

தண்ணீரில் மூழ்கடிக்கப்பட்டவர்கள்

1525-ல் சூரிச் நகரில் சிலர், குழந்தைக்குத் தரும் ஞானஸ்நானம் செல்லாது, வயது வந்து தானே விரும்பிப் பெறுவதுதான் செல்லும் என்று கிளம்பினார்கள். அரசுக்கும் சபைக்கும் அது கலகமாகப் பட்டது. இரண்டு ஆண்டுக்குள் அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். ஞானஸ்நானத்துக்குத் தண்டனையும் தண்ணீரிலேயே. அந்த மரபில் 1536-ல் சேர்ந்த டச்சுப் பாதிரியார் மென்னோ சைமன்ஸின் பெயரால் மென்னோனைட்டுகள் வந்தார்கள். 1693-ல் ஒழுக்கக் கட்டுப்பாடுகளில் இன்னும் கண்டிப்பு வேண்டும் என்று ஜேக்கப் அம்மான் பிரிந்தபோது அவர் பின்னால் போனவர்கள் ஆமிஷ்கள். சமயச் சுதந்திரம் தருவதாக வில்லியம் பென் அழைத்த பென்சில்வேனியாவுக்கு இரு பிரிவினரும் பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டில் கப்பலேறினார்கள். அவர்களில் பழைய முறையை விடாதவர்கள் வீட்டில் இன்றைக்கும் பென்சில்வேனியா ஜெர்மன் பேசுகிறார்கள்.

எல்லோரையும் ஒரே கூடையில் போடக் கூடாது. லங்காஸ்டரில் சாம்பல் நிறக் குதிரை வண்டி ஆமிஷ் வண்டி, கறுப்பு வண்டி பழைய முறை மென்னோனைட்டுகளுடையது. டிராக்டர் ஓட்டுவோம், ஆனால் ரப்பர் டயர் கூடாது, இரும்புச் சக்கரம்தான் என்று ஒரு பிரிவு. கார் ஓட்டலாம், நிறம் கறுப்பாக மட்டும் இருக்கட்டும் என்று இன்னொரு பிரிவு. நம்மைப் போலவே உடுத்தி, கல்லூரிக்குப் போய், கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் மென்னோனைட்டுகளும் ஏராளம்.

இனி, அவர்கள் சந்தைக்கு வரக் காரணமான நிலத்துக்கு வருவோம். ஆமிஷ் குடும்பத்தில் ஆறேழு பிள்ளைகள் சாதாரணம். வட அமெரிக்காவில் அவர்கள் தொகை இருபது ஆண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ இரட்டிக்கிறது. இப்போது 4 லட்சத்தைத் தொட்டுவிட்டது. லங்காஸ்டர் வட்டாரத்தில் மட்டும் 40,000-க்கு மேல். பிள்ளைகள் பெருகினார்கள், நிலம் பெருகவில்லை. பிலடெல்பியாவிலிருந்து நகரம் மேற்கே பரவப் பரவ விலை எட்டாத உயரத்துக்குப் போனது. அப்பன் பண்ணையை ஆறாகப் பிரித்தால் யாருக்கும் மிஞ்சாது. தொழிற்சாலை வேலைக்குப் போகலாம். ஆனால் காலையில் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு தகப்பன் வெளியேறும் வீட்டில் பிள்ளை வளர்ப்பு என்னவாகும் என்று பெரியவர்கள் அஞ்சினார்கள். அந்த அச்சத்தை ஆய்வாளர் டொனால்டு கிரேபில் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார்.

மாற்று வழியாக வந்ததுதான் சிறுதொழில். தச்சுப் பட்டறை, மெத்தை விரிப்புத் தையல், சந்தைக் கடை. அப்பா, அம்மா, பிள்ளைகள், அத்தை பெண் எல்லோரும் ஒரே இடத்தில் வேலை பார்க்கலாம். லங்காஸ்டரில் இன்று விவசாயத்தை முதல் தொழிலாக வைத்திருக்கும் ஆமிஷ் குடும்பத் தலைவர்கள் பாதிக்கும் குறைவு. சந்தைக்கடை முதலாளிகளில் பெண்கள் பலர். மேரிலாந்து, டெலவேர், நியூ ஜெர்சி நகரங்களிலும் வியாழன் முதல் சனிவரை ஆமிஷ் சந்தைகள் நடக்கின்றன. விடியுமுன்னே வாடகை வேனில் சரக்கோடு ஏறிப் போய்விட்டு இரவு வீடு திரும்புகிறார்கள். வேன் ஓட்டுபவர் வெளியாள். காரை வைத்துக்கொள்வதும் ஓட்டுவதும்தான் தடை, ஏறிப் போவதற்குத் தடையில்லை.

ஆக, நாம் கையில் வாங்கும் ரொட்டி ஏதோ பழங்காலத்தின் மிச்சம் அல்ல. கடந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் ஒரு சமூகம் பிழைத்திருக்க எடுத்த முடிவின் விளைவு. படம் போட்ட பஞ்சாங்கத்தைப் பார்ப்பதுபோல அவர்களைப் பார்க்கும் சுற்றுலாக் கண்ணுக்கு இது தெரிவதில்லை.

சமையலறையும் அப்படித்தான். மின்சாரம் இல்லாத வீட்டில் இத்தனை ரொட்டி எப்படிச் சுடுகிறார்கள்? அடுப்பும் குளிர்பெட்டியும் கேஸில் ஓடுகின்றன. மாவு பிசையும் இயந்திரத்தின் மோட்டாரைக் கழற்றிவிட்டு, அழுத்தக் காற்றில் ஓடும்படி மாற்றிக்கொள்கிறார்கள். கொல்லையில் டீசல் இயந்திரம் காற்றை அழுத்தி அனுப்பும், குழாய் வழியாக வந்து சமையலறையில் வேலை செய்யும். சந்தைக் கட்டடத்தில் மின்சாரம் இருந்தால் பயன்படுத்தலாம், கட்டடம் வேறொருவருடையது என்பதால். வெளியே நின்று பார்ப்பவருக்கு முரணாகத் தோன்றும். ஒவ்வொரு கருவியும் குடும்பத்தை என்ன செய்யும் என்று கூடிப் பேசி, ஏற்பதை ஏற்று, தள்ளுவதைத் தள்ளும் பழக்கம் எனக்கு மரியாதைக்குரியதாகவே படுகிறது. கைப்பேசியை அப்படி உட்கார்ந்து பேசிவிட்டா நாம் வீட்டுக்குள் விட்டோம்?

தட்டில் என்ன?

பிரெட்ஸல் கடைமுன் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பதினாறு வயது மதிக்கத்தக்க பெண் மாவுத் துண்டைப் பலகையில் உருட்டிக் கயிறாக இழுக்கிறாள். இரு நுனியையும் பிடித்துத் தூக்கி ஒரே சுழற்று. நடுவில் முறுக்கு விழுந்துவிடுகிறது. நுனிகளை மடித்து ஒட்டி, சமையல் சோடா கரைத்த நீரில் முக்கியெடுத்து, பரல் உப்பைத் தூவி அடுப்புக்குள் தள்ளுகிறாள். வெளியே வரும்போது மேற்புறம் செம்பழுப்பு, உள்ளே பஞ்சு. உருகிய வெண்ணெயைத் தூரிகையால் பூசிக் கையில் தருகிறார்கள். நின்றபடியே சாப்பிட்டுவிட வேண்டும், பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் பாதிச் சுவை போய்விடும். உலகெங்கும் விமான நிலையங்களிலும் மால்களிலும் காணும் ஆன்ட்டி ஆன்ஸ் பிரெட்ஸல் கடைகளுக்கும் மூலம் இதுவே. ஆமிஷ்-மென்னோனைட் குடும்பத்தில் வளர்ந்த ஆன் பைலர் 1988-ல் பென்சில்வேனியாவின் டவுனிங்டவுன் சந்தையில் எடுத்த ஒற்றைக் கடைதான் அப்படி விரிந்தது.

ஷூஃப்ளை பை இந்த ஊரின் அடையாளப் பண்டம். மாவுத்தட்டில் கரும்புப் பாகு ஊற்றி, மேலே வெல்லச் சர்க்கரையும் மாவும் உதிர்த்த பொடியைத் தூவிச் சுடுவது. அடி ஈரமாகவும் மேல்புறம் மொறுமொறுப்பாகவும் இருந்தால்தான் பக்குவம். பழம் தீர்ந்துபோன குளிர்காலக் கடைசியில், அலமாரியில் எஞ்சியிருப்பதை வைத்துச் செய்யும் இனிப்பு இது. அந்தச் சிக்கனம் சுவையிலேயே தெரியும். ஒரு வாய் அமிர்தம், ஒரு முழுத் துண்டு திகட்டும். காப்பியோடு சாப்பிடுங்கள்.

என் வாக்கு ஆப்பிள் பட்டருக்கு. இதில் வெண்ணெய் துளியும் கிடையாது. இலையுதிர் காலத்தில் பெரிய செம்புக் கொப்பரையில் ஆப்பிள் சாற்றை ஊற்றி விறகடுப்பில் பாதியாகச் சுண்டவிடுவார்கள். பிறகு தோல் சீவி நறுக்கிய ஆப்பிள் துண்டுகளைக் கூடை கூடையாகக் கொட்டுவார்கள். நீண்ட கைப்பிடியின் முனையில் செங்குத்தாகப் பொருத்திய, ஓட்டைகள் போட்ட மரத் துடுப்பால் கிளறத் தொடங்கினால் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். கொப்பரையின் அனலுக்கு எட்டி நிற்கத்தான் அந்தக் கைப்பிடி அவ்வளவு நீளம். ஆள் மாற்றி ஆள் கிளற, பகல் முழுதும் போகும். கடைசியில் பட்டையும் கிராம்பும். இறக்கும்போது பழுப்பும் கறுப்பும் கலந்த நிறத்தில், கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத களிம்பாக இருக்கும். பழத்தின் புளிப்பு அடியில் அப்படியே நிற்கும். தயிரில் கலந்து சாப்பிடலாம், சூடான ரொட்டியில் தடவலாம்.

சௌ-சௌ என்றொரு ஊறுகாய். நம் ஊர்ச் சௌசௌ காய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தோட்டப் பருவம் முடியும்போது மிஞ்சிய பீன்ஸ், காலிஃபிளவர், கேரட், சோளம், குடைமிளகாய் எல்லாவற்றையும் வேகவைத்து, கடுகும் மஞ்சளும் சேர்த்த இனிப்பு வினிகரில் போட்டுவைப்பது. மஞ்சள் மட்டுமல்ல, குங்குமப்பூவும் இவர்கள் சமையலில் உண்டு என்பது எனக்குப் பெரும் வியப்பு. லங்காஸ்டர், லெபனான் வட்டாரத்து ஜெர்மன் குடும்பங்கள் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே வீட்டுத் தோட்டத்தில் குங்குமப்பூ வளர்த்து, கோழிச் சாறிலும் நூடுல்ஸிலும் போட்டு வந்திருக்கின்றன.

சில பண்டங்களின் பொருள் சந்தையில் விளங்காது, வீட்டு வழக்கம் தெரிந்தால்தான் விளங்கும். கடலை வெண்ணெயில் மார்ஷ்மெல்லோவும் பாகும் கலந்த ஒரு தடவல் ஜாடி எல்லாக் கடையிலும் இருக்கும். ஆமிஷ்களுக்குக் கோயில் கட்டடம் இல்லை. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு ஒருவர் வீட்டில் ஆராதனை நடக்கும். அது முடிந்ததும் எல்லோருக்கும் பந்தி. ரொட்டி, இந்தக் கடலைத் தடவல், ஊறுகாய், பீட்ரூட், உலர் ஆப்பிள் பை, காப்பி. யார் வீட்டிலும் ஏறக்குறைய இதே பட்டியல்தான். வசதியுள்ளவர் கூடுதலாகப் பரிமாறி மற்றவரைச் சங்கடப்படுத்த இடமில்லை. செலரிக் கீரைத்தண்டுக்கும் அப்படியொரு கதை உண்டு. லங்காஸ்டர் ஆமிஷ் கல்யாணங்கள் அறுவடை முடிந்து இலையுதிர் காலத்தில், செவ்வாய் வியாழன்களில் நடக்கும். விருந்தில் பாலில் வேகவைத்த செலரி கட்டாயம். நிச்சயதார்த்தத்தை ரகசியமாக வைத்திருந்தாலும், தோட்டத்தில் வழக்கத்துக்கு மேல் செலரி நட்டிருந்தால் அக்கம்பக்கம் புரிந்துகொள்ளும், அந்த வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் என்று.

எல்லைக்கு வடக்கே

அமெரிக்கச் சுதந்திரப் போருக்குப் பின் நிலம் தேடிப் பென்சில்வேனியாவிலிருந்து கனடாவுக்கு மாட்டுவண்டிபோல் கூரைபோட்ட பெருவண்டிகளில் போன மென்னோனைட்டுகள், ஒன்டாரியோவின் வாட்டர்லூ பகுதியில் குடியேறினார்கள். 1805-ல் கூட்டாகச் சேர்ந்து 60,000 ஏக்கர் வாங்கினார்கள். அந்த வட்டாரத்தில்தான் இன்று செயின்ட் ஜேக்கப்ஸ் சந்தை நடக்கிறது. வியாழன், சனி. 2013 செப்டம்பரில் முதன்மைக் கட்டடம் தீயில் அழிந்தது, மீண்டும் எழுப்பிவிட்டார்கள். டொராண்டோவின் ஸ்கார்பரோவிலிருந்து காரில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். அங்கே ஆப்பிள் வளையத்தை மாவில் தோய்த்துப் பொரித்துச் சர்க்கரையில் புரட்டும் கடைமுன் வரிசை குறையாது. வசந்தத்தில் மேப்பிள் பாகு. 40 லிட்டர் மரச்சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு தேறும். விலையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வட்டாரத்துச் சமையலை உலகறியச் செய்தவர் எட்னா ஸ்டேப்ளர். பழைய முறை மென்னோனைட் குடும்பம் ஒன்றோடு தங்கிப் பழகியவர். அந்த வீடுகளின் பக்குவங்களைத் தொகுத்து 1968-ல் ‘ஃபுட் தட் ரியலி ஷ்மெக்ஸ்’ நூலை வெளியிட்டார். அந்தப் புத்தகம் 1980-களில் ஒரு பெரும் வழக்குக்குள் இழுக்கப்பட்டது. வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே மிருதுவாகவும் இருக்கும் பிஸ்கட்டுக்குக் காப்புரிமை வாங்கிய பிராக்டர் அண்ட் கேம்பிள், அதே வகையைச் செய்ததாக நபிஸ்கோ உள்ளிட்ட நிறுவனங்கள்மீது வழக்குப் போட்டது. இது காலங்காலமாக வீடுகளில் செய்வதுதானே என்று காட்டச் சான்று தேடியபோது அகப்பட்டது ஸ்டேப்ளர் நூலில் இருந்த ‘ரிகல்வேக்’ பிஸ்கட். வெளிர் மாவும் கரு மாவும் சேர்த்துச் சுருட்டிச் சுடும் மென்னோனைட் பலகாரம். வழக்கறிஞர்கள் ஸ்டேப்ளரைத் தேடி வந்தார்கள். 1989-ல் 12.5 கோடி டாலரில் வழக்கு சமரசமானது. நீதிமன்றப் படியேறுவதையே தவிர்க்கும் மக்களின் அடுப்படிப் பலகாரம் இத்தனை பெரிய சண்டைக்கு நடுவே நின்றது.

இன்னொரு புத்தகமும் சொல்லியாக வேண்டும். மென்னோனைட் நிவாரண அமைப்பான எம்.சி.சி., 1920-ல் ரஷ்யா, உக்ரைன் பஞ்சத்துக்கு உணவு அனுப்பத் தொடங்கப்பட்டது. அதன் ஏற்பாட்டில் டோரிஸ் ஜான்சன் லாங்ஏக்கர் 1976-ல் தொகுத்தது ‘மோர் வித் லெஸ்’ சமையல் நூல். உலகில் பலர் பசித்திருக்கும்போது நாம் குறைவாக, எளிமையாகச் சாப்பிடக் கற்போம் என்பதே அதன் நோக்கம். இந்தியா போன்ற நாடுகளில் தொண்டு செய்து திரும்பியவர்கள் தந்த பருப்பு, கறி வகைகளும் அதில் உண்டு. பை, டோனட், வறுவல் என்று கொழுப்பும் சர்க்கரையும் நிரம்பிய சந்தையைப் பார்த்துவிட்டு இதுதான் மென்னோனைட் உணவு என்று முடிவுகட்டுபவர்கள் இந்த நூலையும் புரட்ட வேண்டும்.

வாங்கும் முன்

‘ஆமிஷ்’ என்ற பெயருக்குச் சட்ட வரையறை எதுவும் இல்லை. குதிரை வண்டிப் படத்தை ஒட்டி யார் வேண்டுமானாலும் விற்கலாம், விற்கிறார்கள். வேறெங்கோ ஆலையில் அடைத்த ஊறுகாய் ஜாடிக்குக் கடைப் பெயர் ஒட்டி வைப்பதும் நடக்கிறது. யார் செய்தது, எங்கே செய்தது என்று கேளுங்கள். தானே செய்தவர் மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். ஆமிஷ் என்றாலே ரசாயனம் தெளிக்காத விளைச்சல் என்பதும் தவறான நம்பிக்கை. பூச்சிமருந்து அடிப்பவர்களும் உண்டு. லங்காஸ்டரில் நெடுங்காலம் புகையிலை முக்கியப் பணப்பயிர்.

கல்லாவில் நிற்கும் சிறு பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் இரண்டுபடும். ஆமிஷ் பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்துகிறார்கள். அதை 1972-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. கணக்கைச் சட்டென்று மனத்திலேயே போட்டு மீதிச் சில்லறை தரும் அந்தப் பெண்ணுக்குக் கை வேலையிலும் பேச்சிலும் இருக்கும் தன்னம்பிக்கை கண்கூடு. வேறு வழியில் போக விரும்பும் ஒரு பிள்ளைக்கு அந்தப் படிப்பு போதுமா என்றால், போதாது என்றே சொல்வேன்.

முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். உருவம் பதிவதை அவர்கள் வேதக் கட்டளைக்கு எதிரானதாகக் கருதுகிறார்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும். பண்ணை வாசல் கடைகளில் ஆளே இருக்காது, உண்டியல் போன்ற பெட்டிதான் இருக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் ஒவ்வொன்றையும் கேட்டு வாங்குங்கள். பை மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், சில உருளைக்கிழங்கு சிப்ஸ்கூட அதில் பொரித்தவைதான். நூடுல்ஸில் முட்டை இருக்கும், மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின். ஸ்கிராப்பிள் என்பது பன்றி இறைச்சியின் மிச்சங்களைச் சோளமாவில் கிளறி உறையவைத்த கட்டி. ஆப்பிள் பட்டர், பழ ஜாம், காய் ஊறுகாய்களைப் பெரும்பாலும் நம்பி வாங்கலாம்.

நியூ ஜெர்சித் தமிழ்க் குடும்பங்கள் பல கோடையில் லங்காஸ்டருக்குப் போய் வருகின்றன. என்னைக் கேட்டால் மார்ச் மாதத்தில் ஒருமுறை போக வேண்டும். பனி உருகிச் சேறாகக் கிடக்கும் அந்தச் சமயத்தில் ஊர் ஊராக ‘மட் சேல்’ ஏலங்கள் நடக்கும். தன்னார்வத் தீயணைப்புப் படைகளுக்கு நிதி திரட்டும் ஏலம் அது. கோர்டன்வில் ஏலம் மிகப் பெரியவற்றில் ஒன்று. ஏர், குதிரை, வண்டி, கையால் தைத்த மெத்தை விரிப்பு எல்லாம் விலைபோகும். ஆமிஷ் ஆண்கள் பலர் அந்தப் படைகளில் சேர்ந்து, அண்டை வீடு யாருடையது என்று பாராமல் தீயணைக்கப் போகிறவர்கள். பெண்கள் விடியற்காலையிலிருந்து டோனட் பொரித்து, கோழியும் சோளமும் போட்ட சூப்பைப் பெரிய பாத்திரங்களில் காய்ச்சி விற்கிறார்கள். அந்தப் பணமும் தீயணைப்பு வண்டிக்கே போகிறது. முழங்கால் பூட்ஸ் போட்டுக்கொண்டு, முற்பகலிலேயே போய்விடுங்கள்.